மிச்சம் வைப்பது மரபே: பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கிழக்காசிய நாடுகள் அடுத்த தலைமுறைக்கு வளத்தை மிச்சம் வைப்பது மரபாலா, சட்டத்தாலா என்பது இன்றைய கேள்வி. மரபால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், தென்கொரியா 2005-இல் உணவுக் கழிவை நிலத்தில் கொட்டுவதற்குத் தடை விதித்ததையும், தேவைக்கு மேல் உணவு வாங்கத் தூண்டும் உணவகங்களுக்குப் பத்தாயிரம் யுவான் வரை அபராதம் என்று சீனா 2021-இல் சட்டம் இயற்றியதையும் எடுத்துச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அத்தோடு நிற்காமல், "இருபது ஆண்டுக்கு ஒருமுறை நல்ல கோயிலைப் பிரித்துப் போட்டுப் புதுக்கோயில் கட்டுகிற ஜப்பானியரின் மரபிலா சிக்கனத்தைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். அவையும் சிரித்தது. அவர் குறிப்பிட்டது மியே மாநிலத்தில் உள்ள இசே பெருங்கோயிலை. என் கையில் இருந்த மற்றக் குறிப்புகளைச் சற்று ஒதுக்கிவிட்டு, முதலில் அந்தக் கோயிலைப் பற்றியே பேசுகிறேன்.

690-ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் அது. போர்க்காலத்தில் இடையே தடைபட்டாலும், 2013-இல் அறுபத்திரண்டாவது முறையாகக் கோயிலைப் புதிதாக எழுப்பினார்கள். பிரிப்பது வரைக்கும் நண்பர் சொன்னது சரி. பிரித்த மரம் எங்கே போகிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. கருவறைக் கட்டடத்தின் இரு முனைகளிலும், சுவரை விட்டு விலகி நின்று கூரை முகட்டைத் தாங்கும் பெருந்தூண்கள் உண்டு. ஹினோக்கி என்னும் ஜப்பானியச் சைப்ரஸ் மரத்தால் ஆன அந்தத் தூண்களுக்கு அடிக்கல் கிடையாது, மண்ணிலேயே நட்டிருப்பார்கள். இருபது ஆண்டு மழையிலும் வெயிலிலும் தூண் நரைத்துப் போகிறது. புதுக்கோயில் எழுந்ததும் அதை இறக்குகிறார்கள். தச்சர் இழைப்புளியை எடுத்து மேலே சீவச் சீவ, சாம்பல் நிறம் சுருள் சுருளாக உதிர்ந்து, உள்ளிருந்து வெளிர்மஞ்சள் மரம் மணத்தோடு வெளிப்படுகிறது. அந்தத் தூண், கோயிலுக்குள் நுழையும் உஜி பாலத்தின் முனையில் தோரண வாயிலாக நிற்கிறது. அங்கே இருபது ஆண்டு. பிறகு மறுபடியும் இறக்கி, மறுபடியும் சீவி, குவானா என்னும் ஊரின் பழைய படகுத்துறைக்கும் செக்கி என்னும் ஊரின் சாலைப் பிரிவுக்கும் வாயிலாக அனுப்புகிறார்கள். அங்கேயும் இருபது ஆண்டு.

இதையே ஆண்டுக்கணக்கை விட்டுவிட்டு ஆள்கணக்கில் ஒருமுறை பாருங்கள். தாத்தா நட்ட தூணை மகன் சீவிப் பாலத்தில் நிறுத்துகிறான். மகன் நிறுத்தியதைப் பேரன் இறக்கிப் படகுத்துறைக்குக் கொண்டு போகிறான். மூன்று தலைமுறையின் கை பட்டும் மரம் குப்பைக்குப் போகவில்லை. கோபே நகரில் 1995 நிலநடுக்கத்தில் சரிந்த இகுத்தா ஆலயத்தின் வாயில் மீண்டும் எழுந்ததும் இசேயில் இறக்கிய மரத்தால்தான். இவ்வளவுக்கும் அபராதம் இல்லை. முன்னோர் செய்தார்கள், நாமும் செய்கிறோம் என்ற வழக்கம் ஒன்றே காரணம்.

"ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பத்தாயிரம் மரம் வெட்டுகிறார்களே" என்று நண்பர் மறுபடியும் கேட்கக்கூடும். உண்மைதான். கோயிலின் சொந்தக் காட்டில் பெருமரங்கள் தீர்ந்துபோய், பல நூற்றாண்டுகள் வெளிக்காடுகளை நம்பியிருந்ததும் உண்மை. அந்தக் குறையைத் தீர்க்க 1923-இல் அவர்கள் போட்ட திட்டத்தின் காலம் இருநூறு ஆண்டு. பெருமரமாக வளரக்கூடிய மரத்தைத் தேர்ந்து, தண்டில் வெள்ளை வண்ணத்தால் இரட்டை வளையம் இட்டு, சுற்றியுள்ளவற்றைக் களைந்து அதற்கு வெளிச்சம் விடுகிறார்கள். கன்று நட்டவர் எவரும் அது தூணாவதைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே நட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் மாறும் எந்தச் சட்டம் இருநூறு ஆண்டு பொறுக்கும்?

சீனச் சட்டத்துக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். விருந்தில் தட்டுகள் காலியானால் கௌரவக் குறைவு என்று அளவுக்கு மேல் உணவு வரவழைப்பதும் அங்கே பழக்கம்தான்; மறுக்கவில்லை. ஆனால் காட்டுக்குள் கோடாரி உரிய பருவத்தில் மட்டுமே நுழையட்டும், குளத்தில் நெருக்கமான வலையை வீசாதீர்கள், மரமும் மீனும் தீராது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மென்சியஸ் என்னும் தத்துவ அறிஞர் அரசனிடம் சொன்ன நாடு அது. தட்டைக் காலி செய்வோம் என்ற இயக்கத்தைப் பெய்ஜிங் குடிமக்கள் 2013-இல் தொடங்கினார்கள். சட்டம் வந்தது எட்டு ஆண்டு கழித்து.

நடுவர் அவர்களே, கடைசியாக ஒரு துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவின் வடகோடியில் அவோமோரி என்ற மாநிலம் இருக்கிறது. பருத்தி விளையாத குளிர்ப் பூமி. அங்கிருந்த ஏழை உழவர் வீட்டுப் பெண்கள் தெற்கிலிருந்து கப்பலில் வரும் பழந்துணியை, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கி, சணல் துணியோடு சேர்த்து, ஒட்டின் மேல் ஒட்டாகத் தைத்தார்கள். கிழிந்து மிஞ்சியதை மகள் தைத்தாள். அவள் விட்டதைப் பேத்தி தைத்தாள். பின்னாளில் வறுமையின் அடையாளம் என்று வெட்கப்பட்டுப் பலர் எறிந்துவிட்டவற்றை, தானகா சூசாபுரோ என்னும் ஆய்வாளர் வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார். அவற்றுள் பிள்ளைப்பேற்றுக்கு விரிக்கும் துணிகளும் இருந்தன. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளையை முதலில் ஏந்தியது, கொள்ளுப்பாட்டியும் பாட்டியும் தாயும் உடுத்துத் தேய்ந்த உடைகளின் துண்டுகள். நீ தனியாக வரவில்லையம்மா, உனக்கு முன் வாழ்ந்த அத்தனை பேரும் உன்னைத் தாங்குகிறோம் என்று அந்தத் துணி பேசியதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதைத் தைத்த தாய்மாரை நினைத்து, எங்கள் அணியின் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.