ஆடிப்பட்டமும் ஐந்து சிவப்பு விளக்கும்

(வாசகர் வட்ட மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த இடத்தைத் திறந்துவிட்டு மின்விசிறியும் போட்டுக் கொடுத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, இருசக்கர வாகனப் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களே, நாற்காலி போதாமல் பின்னால் நிற்கும் பாலிடெக்னிக் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய பட்டறை அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தைப் பார்த்தே இன்ஜினுக்கு என்ன சீக்கு என்று சொல்ல எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர். அவர் கடை வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்துதான் எனக்குப் பந்தயப் பைத்தியம் பிடித்தது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இருபது வருடத்துக்கு மேலாக மார்ஷலாகக் கொடி பிடித்து நிற்கிறேன் என்றால், அதற்கு விதை அங்கே விழுந்தது.

விதை என்றதும் என் பாட்டி ஞாபகம் வருகிறது. எதற்கெடுத்தாலும் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார். ஊசியில் நூல் கோப்பதற்கும் அதே பழமொழிதான். நமக்குப் பட்டம் என்றால் விதைக்கிற பருவம், ஜெயித்து வாங்குகிற விருதுக்கும் அதே சொல். பட்டம் பார்த்துப் பந்தயம் வைத்தால்தான் ஒருவன் ஒழுங்காகப் பட்டம் வெல்ல முடியும். இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: சீசன் அட்டவணை, வண்டிகள் புறப்படுவதற்கு வரிசையாக நிற்கும் கிரிட், கடைசியாகப் புள்ளிக் கணக்கு.

முதலில் அட்டவணை. ஃபார்முலா 1 என்கிற கார் பந்தய உலகப் போட்டி 1950இல் தொடங்கியபோது அந்த வருடம் மொத்தமே 7 பந்தயங்கள். மே மாதம் சில்வர்ஸ்டோனில் ஆரம்பித்து செப்டம்பரில் இத்தாலியில் முடித்துவிட்டார்கள். 2024இல் 24 பந்தயங்கள். மார்ச் 2 அன்று பஹ்ரைனில் தொடங்கி டிசம்பர் 8 அன்று அபுதாபியில் முடிந்தது. இத்தனையையும் ஒரு வருடத்துக்குள் அடுக்குவது என்றால் கல்யாண மண்டபத்துக்குத் தேதி வாங்குகிற மாதிரிதான். ஒரு தேதி நகர்ந்தால் பத்துத் தேதி நகரும்.

நாள் தப்பாகப் போனால் என்ன ஆகும்? 2009இல் மலேசியாவின் செபாங். ஐரோப்பாவில் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு வசதி என்று பந்தயத்தை மாலை 5 மணிக்குத் தள்ளினார்கள். அந்த ஊரில் சாயங்காலம் மழை வரும் என்று அங்கே டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். வந்தது. பந்தயம் நின்றது, இருட்டியது, மறுபடி தொடங்க முடியவில்லை, பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பினார்கள். 2023 அக்டோபரில் கத்தார். ராத்திரிப் பந்தயம்தான், ஆனாலும் அந்தப் புழுக்கத்தில் ஓர் ஓட்டுநர் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார், இன்னொருவர் பாதியில் காரை விட்டு இறங்கினார். அடுத்த வருடம் அதே பந்தயம் டிசம்பர் 1இல் நடந்தது.

2014 அக்டோபர் 5ஐப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். ஜப்பானில் சுசூகா. ஃபான்ஃபோன் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மழையில், வழுக்கி நின்ற வேறொரு காரை அகற்றிக்கொண்டிருந்த வண்டியின் மேல் ஜூல்ஸ் பியாங்கியின் கார் மோதியது. அடுத்த ஜூலையில் அவர் இறந்துபோனார். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல, எல்லாப் பழியையும் தேதியின் மேல் போட மாட்டேன். ஆனால் அது புயல் வருகிற மாதம். 2024இல் சுசூகா பந்தயம் ஏப்ரலில் நடந்தது. பக்கத்துப் பக்கத்து நாடுகளைச் சேர்த்து அடுக்குவதற்காக மாற்றினார்கள் என்கிறார்கள். எதற்காக இருந்தால் என்ன, மாற்றினார்களே! ஆடிப்பட்டம் தேடி விதை.

சரி, கிரிட்டுக்கு வருவோம். தம்பிகள் அதைக் கேட்கத்தான் வந்திருப்பார்கள்.

அந்தக் காலத்தில் யார் முன்னால் நிற்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பயிற்சியில் எடுத்த நேரத்தை வைத்து வரிசை போட்ட முதல் கிராண்ட் பிரீ 1933இல் மொனாக்கோவில் நடந்தது. அப்புறம் ரொம்ப காலம் வரிசைக்கு மூன்று, அடுத்த வரிசைக்கு இரண்டு, சில இடத்தில் நான்கு என்று நிறுத்தினார்கள். இப்போது இரண்டிரண்டாக, ஒன்று சற்று முன்னே ஒன்று சற்றுப் பின்னே, காருக்குக் கார் 8 மீட்டர். மோட்டோ ஜிபி பைக்குகள் வரிசைக்கு மூன்று. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் 33 கார்கள், மும்மூன்றாகப் 11 வரிசை, அதுவும் நிற்காமல் ஓடிக்கொண்டே புறப்படும். எங்கள் தடத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் பச்சைக் கொடியோடு பல தடவை நின்றிருக்கிறேன். கடைசி வண்டி தன் கோட்டில் வந்து நின்றதும் கொடியை ஆட்ட வேண்டும். அந்த நேரம் கிளட்ச் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறும், தாரின் சூடு ஷூவைத் தாண்டிப் பாதத்தைச் சுடும். ஐந்து சிவப்பு விளக்கும் ஒவ்வொன்றாக எரிந்து, ஐந்தும் சேர்ந்து அணையும். அதற்குள் எவனாவது கையைத் தூக்கினால் வண்டி அணைந்துவிட்டது என்று பொருள். மார்ஷலின் நெஞ்சும் அதோடு சேர்ந்து நிற்கும்.

கிரிட் பற்றிச் சொன்னால் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். 2005 ஜூன் 19, அதே இண்டியானாபோலிஸ் தடத்தில் அமெரிக்க கிராண்ட் பிரீ. அண்ணன் கடையில் ஒரு சின்ன டிவி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். கண்ணெல்லாம் மஞ்சள் நிற ஜோர்டான் கார் மேல். நம்ம ஆள் கடைசி வரிசைகளில்தான் நிற்கிறார். இருந்தாலும் நம்ம ஆள்!

வெள்ளிக்கிழமையே அங்கே பிரச்சினை தொடங்கிவிட்டது. கடைசியில் ஒரு சாய்வான வளைவு, 13ஆம் வளைவு. அங்கே ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் போய் கார் சுவரில் மோதியது. அந்தச் சாய்வில் எங்கள் டயர் பந்தயம் முழுக்கத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மிஷெலின் கம்பெனியே ஒத்துக்கொண்டது. வேகத்தைக் குறைக்க அங்கே ஒரு வளைவுத் தடுப்பு வையுங்கள் என்று அந்த டயர் போட்ட அணிகள் கேட்டன. முடியாது என்றது பந்தய விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏ. பேச்சு, பேச்சு, ஞாயிறு மதியம் வரை பேச்சு. அரங்கில் ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

பந்தயத்துக்கு முன்னால் வரிசையாக ஓடும் ஃபார்மேஷன் லேப் தொடங்கியது. 20 கார்களும் கிளம்பின. நாங்களும், அப்பாடா, சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தோம். சுற்று முடிகிற இடத்தில், போல் பொசிஷனில், அதாவது முதல் இடத்தில், இருந்த ட்ரூலி நேராக, டயர் மாற்றிப் பழுது பார்க்கும் பிட்டுக்குள் போய்விட்டார். அவர் பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. எண்ணிக்கொண்டே இருக்கிறோம். மொத்தம் 14 கார்கள் உள்ளே போய்விட்டன. தடத்தில் மிச்சம் 6. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி.

அந்த ஆறும் எங்கே போய் நின்றன தெரியுமா? விதிப்படி அவரவர் கோட்டில்! ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கர் ஐந்தாவது இடத்தில், பாரிக்கெல்லோ ஏழாவது இடத்தில். அதற்குப் பின்னால் நீளமாக வெறும் தார். அந்தக் கோடியில் கடைசி நாலு கட்டத்தில் நாலு கார். பல் கொட்டின வாய் மாதிரி இருந்தது அந்த கிரிட். கடையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. யாரோ "டிவி ரிப்பேராடா?" என்று கேட்டார்.

விளக்கு அணைந்தது, ஆறு கார் ஓடியது. கூட்டம் ஊளையிட்டது, பாட்டிலைத் தடத்தில் வீசியது. ஷூமாக்கர் முதல், பாரிக்கெல்லோ இரண்டு, மான்டீரோ மூன்று. நான்காவது நரேன். 5 புள்ளி! ஃபார்முலா 1இல் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள். நாங்கள் கைதட்டினோம். அண்ணன் எழுந்து எல்லோருக்கும் டீ சொன்னார். இன்றைக்கும் யாராவது அந்தப் புள்ளியைக் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஓட வந்தவர்களோடு ஓடி, காரை உடைக்காமல் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அவ்வளவுதான் ஒரு ஓட்டுநரால் செய்ய முடியும்.

ஆனால் கைதட்டின கையோடு அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த ஜனங்களையும் நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். அதை நம் ஊரிலும் பார்த்துவிட்டேன் என்பதுதான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தது.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில் ராத்திரித் தெருப் பந்தயம் என்று அறிவித்தபோது எனக்குத் தூக்கமே இல்லை. தேதி 2023 டிசம்பர் 9, 10. டிசம்பர்! வடகிழக்குப் பருவமழை ஊரைப் புரட்டுகிற மாதம். அந்த வார ஆரம்பத்திலேயே மிக்ஜாம் புயல் வந்து சென்னை மூழ்கியது. பந்தயம் தள்ளிப்போனது, போகத்தான் வேண்டும், ஜனங்கள் மொட்டை மாடியில் நிற்கும்போது கார் ஓட்ட முடியுமா? பிறகு 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1இல் நடந்தது. சனிக்கிழமை மழை பெய்து அன்றைய நிகழ்ச்சி குழம்பியது. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வெளிச்சத்தில் கார்கள் சீறியதைப் பார்த்தபோது, என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அது வருடா வருடம் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நல்ல பட்டத்தில் நடக்க வேண்டும்.

நல்ல பட்டம் எது என்று நம் பெரியவர்கள் அப்போதே கண்டுபிடித்து வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் கிடந்த சோழவரத்தில் பந்தயம் வைத்தார்களே, பிப்ரவரியில் வைத்தார்கள். தை முடிந்து மாசி பிறக்கும் நேரம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கொளுத்தியிருக்காது. அறுவடை முடிந்த கையோடு கிராமத்து ஜனமும் வேடிக்கை பார்க்க வந்தது. அதே மாசிக்குத் தெருப் பந்தயத்தைக் கொண்டுவர வேண்டும். வருடா வருடம் ஒரே வார இறுதியாக இருக்க வேண்டும். மழை வந்தால் எந்த நாளில் நடக்கும் என்பதை டிக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும். மாவட்ட அளவிலான பைக் பந்தயங்களுக்கும் முழு சீசன் அட்டவணையை முன்கூட்டியே வெளியிட வேண்டும்.

இது யாருக்காகக் கேட்கிறேன்? ஆம்பூர் பக்கத்துத் தம்பி ஒருவர், ஷூ கம்பெனியில் வேலை. ஒரு சுற்றுக்காகச் சம்பளம் இல்லாத லீவு போட்டு, கடன் வாங்கி, குட்டியானையில் பைக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் பாதி வழி வந்தபிறகு, பந்தயம் தள்ளிவைப்பு என்று போனில் செய்தி வந்தது. வண்டி வாடகை போச்சு. மறு தேதியில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு சுற்று ஓடாததால் அந்த சீசனில் பட்டம் கைநழுவியது. வேகத்தில் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை. என் மார்ஷல் நண்பர்களும் அப்படித்தான். யாரும் கூலிக்கு வருவதில்லை. பேங்க் ஊழியர், பள்ளி வாத்தியார், கூரியர் பையன், எல்லோரும் சொந்த லீவைச் செலவழித்து வெயிலில் நிற்கிறவர்கள். தேதி தெரிந்தால்தான் அவர்களால் வர முடியும். அவர்கள் வராவிட்டால் கிரிட்டுக்குப் பின்னால் பச்சைக் கொடி ஆட்ட ஆள் இருக்காது.

புள்ளிக் கணக்கைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார், நூலகம் பூட்டும் நேரம். இன்னொரு மாலை கொடுத்தால் அதை மட்டுமே பேசுகிறேன்.

மாசி மாதப் பந்தயத்துக்கான மனு, வாசல் மேஜையில் பச்சை அட்டை போட்ட நோட்டில் இருக்கிறது. பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பேனா நூலில் கட்டியிருக்கிறது. இடம் தந்த நூலகர் அம்மாவுக்கும், வார்டு உறுப்பினருக்கும், அண்ணனுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.