இரத்தம் நின்றால் நோய் போய்விட்டதா?

(மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில், மாதர் பிரிவுக் கூட்டத்தில், கதிர்வீச்சுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, கடைசி வரிசையில் எப்போது நழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஐயாமார்களே, வணக்கம். நீங்களும் இருங்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

இந்த மண்டபத்தில் கித்தா (ரப்பர்) மரம் சீவியவர்கள் நிறையப் பேர். என் அம்மாவும் சீவியவர்தான். உளி மேலோட்டமாகப் போனால் பால் வடியாது. ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், தண்டல் (மேற்பார்வையாளர்) அன்றைக்கே சத்தம் போடுவார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர் கொடுப்பதிலும் அந்த ஒரு நூல் கணக்கு உண்டு. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கர்ப்பப்பை வாயில் வந்த புற்று, அறுத்து எடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டால், சுமார் 5 வாரம் வெளியிலிருந்து கதிர் கொடுப்பார்கள். வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் ஏறும். பாதியிலேயே பலருக்கு இரத்தப்போக்கு நின்றுவிடும், முகம் தெளிந்துவிடும். ஆபத்தே அங்கேதான். "நல்லாயிட்டேன் மிஸ்ஸி, இனிமே எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டமான உள்கதிருக்கு, அதாவது உள்ளிருந்து கொடுக்கும் கதிருக்கு, வராமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். வந்த கோலத்தை இங்கே சொல்ல வேண்டாம்.

வெளிக்கதிர் ஏன் போதாது? அது குடலையும் சிறுநீர்ப்பையையும் தாண்டித்தான் கட்டியிடம் போகிறது. அளவைக் கூட்டினால் அவை புண்ணாகிவிடும். அதனால் 45 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவார்கள். கட்டிக்கோ மொத்தக் கணக்கில் 85க்கு மேல் வேண்டும். மிச்சத்தை உள்ளிருந்துதான் கொடுக்க முடியும். அதுதான் பிராக்கித்தெரப்பி.

மயக்கம் கொடுத்து, கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாயை வைப்பார்கள். அதன் வழியாக ஒரு கம்பி போகும். அதன் நுனியில் அரிசி மணி அளவுக்கு, கதிர் வீசும் இரிடியம் 192. சில நிமிடம் நின்று, வேலை முடிந்ததும் பெட்டிக்கே திரும்பிவிடும். உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்கலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

முன்பு எக்ஸ்ரே படத்தில் ஒரு புள்ளியைக் குறித்து அதற்கு அளவு போடுவார்கள். 1938இல் மான்செஸ்டரில் வகுத்த முறை அது. ஒல்லியானவருக்கும் அதே புள்ளி, பெரிய கட்டிக்கும் அதே புள்ளி. எக்ஸ்ரேயில் எலும்பும் குழாயும் தெரியும், கட்டி தெரியாது. இப்போது குழாய் உள்ளே இருக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். கட்டி எதுவரை, சிறுநீர்ப்பை எங்கே, மலக்குடல் எங்கே என்று கோடு போட்டு, கம்பி எந்த இடத்தில் எத்தனை வினாடி நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். கட்டி ஒரு பக்கமாக ஓடியிருந்தால் அந்தப் பக்கம் கதிர் கொண்டுபோக ஊசிக் குழாய்கள் சேர்ப்பார்கள். அடுத்த முறை உள்கதிர் கொடுப்பதற்குள் கட்டி சுருங்கியிருக்கும், கணக்கும் மாறும். தினம் பட்டையைப் பார்த்துச் சீவுவது போலத்தான். எம்.ஆர்.ஐ. கிடைக்காத இடத்தில் சி.டி. வைத்துச் செய்வார்கள்.

எம்பிரேஸ் என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. எம்.ஆர்.ஐ. பார்த்துச் சிகிச்சை பெற்ற 1,341 பெண்களைக் கணக்கெடுத்தார்கள். 5 ஆண்டில் நூற்றுக்கு 92 பேருக்கு அந்த இடத்தில் நோய் அடங்கியே இருந்தது. வேறு உறுப்புக்குப் பரவுவது தனிக் கதை, அதை மறைக்க மாட்டேன்.

எல்லாம் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். "தைப்பூசம் முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும்" என்றால் கட்டி காத்திருக்காது.

இப்போது ஐயாமார்களுக்கு. இந்த நோய்க்கு ஏறக்குறைய எப்போதும் காரணம் எச்.பி.வி. கிருமி. அது சளிக் காய்ச்சல் மாதிரி சர்வ சாதாரணம், ஆண்கள் உடம்பிலும் இருக்கும். எப்போது ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மனைவியை விசாரிக்க வேண்டாம், காரை எடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு பிறப்புறுப்புப் பாதை சுருங்கலாம். அதற்குப் பயிற்சி உண்டு, பொறுமையும் வேண்டும். மகள் பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசிக் கடிதம் கொண்டு வந்தால் கையெழுத்துப் போடுங்கள். 2010 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கம் பள்ளியிலேயே போட்டு வருகிறது.

கேள்வி இருந்தால் இங்கேயே கேளுங்கள். மைக்கில் கேட்கக் கூச்சமாக இருந்தால், பந்தியில் என் பக்கத்து இலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.