பரோல் மீறலும் முதற்கட்ட விசாரணையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காசோலை மோசடிக்காக 1967இல் தண்டிக்கப்பட்ட மோரிசி என்பவர், 1968 ஜூனில் பரோலில் வெளியே வந்தார். நம் நாட்டில் கைதிக்குச் சில நாள்கள் தரப்படும் விடுப்பை இங்கு எண்ணிக்கொள்ள வேண்டாம். தண்டனையின் எஞ்சிய காலத்தை நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கண்காணிப்பின்கீழ் வெளியே கழிக்க அனுமதிப்பதுதான் அங்கே பரோல். ஏழு மாதங்களில் அவர் மீண்டும் பிடிபட்டார். வேறு பெயரில் கார் வாங்கினார், தங்குமிடத்தைத் தெரிவிக்கவில்லை என்பன போன்ற குற்றச்சாட்டுகளை எழுதித் தந்தவர் அவருடைய பரோல் அதிகாரி. அந்த அறிக்கையைப் படித்த பரோல் வாரியம், அவரிடம் எந்த விசாரணையும் நடத்தாமலேயே, ஒரே வாரத்தில் பரோலை ரத்து செய்து அவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டது.

மோரிசி எதிர் புரூவர் என்ற அந்த வழக்கில், 1972 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய அத்தீர்ப்பின்படி, நிபந்தனைக்கு உட்பட்டதாயினும் பரோலில் கிடைப்பதும் சுதந்திரமே. அதைப் பறிப்பதற்கு முன் முதற்கட்ட விசாரணை, இறுதி விசாரணை என இரண்டு நிலைகளைக் கடந்தாக வேண்டும்.

முதற்கட்ட விசாரணை, மீறல் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கோ கைதான இடத்துக்கோ அருகில், சாட்சிகளின் நினைவு மங்குவதற்குள் நடைபெற வேண்டும். நூறு மைலுக்கு அப்பால் உள்ள சிறைக்குக் கொண்டுபோன பிறகு, எந்த முதலாளி, எந்த அண்டை வீட்டார் வந்து சாட்சி சொல்வார்? விசாரிப்பவர் நீதிபதியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் குற்றம் சாட்டிய அதிகாரியாக இருக்கக் கூடாது. வேறொரு பரோல் அதிகாரியே விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் இடம் கொடுத்தது. ஒரே துறைக்குள் இருப்பவர் சக ஊழியரின் முடிவை எவ்வளவு துணிந்து மறுப்பார் என்ற ஐயம் எனக்கு உண்டு. எந்த மீறல்களுக்காக விசாரணை என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பரோலில் இருப்பவர் நேரில் பேசலாம், கடிதங்களையும் ஆவணங்களையும் சாட்சிகளையும் கொண்டுவரலாம்; தமக்கு எதிராகத் தகவல் தந்தவரைக் கேள்வி கேட்கலாம், அடையாளம் வெளிப்பட்டால் அத்தகவலாளிக்கு ஆபத்து நேரும் என்று அதிகாரி கருதினாலன்றி. குற்றம் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. மீறல் நடந்தது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். அந்தக் காரணத்தையும் ஆதாரத்தையும் அதிகாரி பதிவு செய்தாக வேண்டும்.

இவ்வளவும் எதற்கு, இறுதி விசாரணையில்தான் எல்லாம் முடிவாகிறதே என்று கேட்கலாம். இறுதி விசாரணைக்கு இரண்டு மாதங்கள் ஆனாலும் அது நியாயமற்றதன்று என அதே தீர்ப்பு கூறுகிறது. அந்த இரண்டு மாதங்கள் சிறையில் இருப்பவர் வேலையை இழப்பார், வாடகை கட்ட முடியாமல் வீட்டையும் இழப்பார்; பின்னர் குற்றமில்லை என்று விடுவித்தாலும் இவற்றை யாரும் திருப்பித் தருவதில்லை. ஆகையால் முதல் சில நாள்களில் கிடைக்கும் விசாரணையே அவருடைய உண்மையான பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. நியூயார்க் மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம், மீறலுக்காகக் கைதானவரைக் காவலில் வைக்கத்தான் வேண்டுமா என்பதை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றம் ஆராய வேண்டும் என்கிறது. இந்த அவசரத்தின் நியாயத்தை அச்சட்டம் உணர்ந்திருக்கிறது.

வழக்கறிஞர் உதவி பற்றி 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பு முடிவு சொல்லவில்லை. மறு ஆண்டு, கேக்னன் எதிர் ஸ்கார்பெல்லி வழக்கில், வழக்குக்கு வழக்கு அது தீர்மானிக்கப்படும் என்று நீதிமன்றம் கூறியது. தம் தரப்பைத் தாமே எடுத்துரைக்க இயலாதவருக்கு இது போதாது என்றே நான் நினைக்கிறேன். ஆயினும், வழக்கறிஞர் வேண்டும் என்ற கோரிக்கை மறுக்கப்பட்டால், அதற்கான காரணம் முதற்கட்ட விசாரணையிலும் சுருக்கமாகவேனும் எழுத்தில் பதிவாக வேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்திருக்கிறது.