யாருக்கும் தெரியாத நாட்டிலிருந்து ஒரு மாணவன்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

ஹோசே ரிசால் என்றதும் பிலிப்பைன்ஸின் தேசிய வீரர், 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பதுதான் நினைவுக்கு வரும். அந்த முடிவைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால், இருபது வயதில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பையனைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை. அவர் என்ன படித்தார், எப்படிச் சாப்பிட்டார், யார் பணம் அனுப்பினார்கள், அங்கே உட்கார்ந்துகொண்டு தன் ஊரைப் பற்றி என்ன நினைத்தார், இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

1882 மே 3 அன்று மணிலாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். பெற்றோருக்குத் தெரியாது. கடவுச்சீட்டில் ஹோசே மெர்காதோ என்று பெயர். அண்ணன் பாசியானோவும், ஒரு மாமாவும், கூடப் பிறந்த அக்காமார் சிலரும் சேர்ந்து ரகசியமாக அனுப்பி வைத்தார்கள். அண்ணன் கையில் கொடுத்தது 356 பெசோ.

எதற்கு இந்த ரகசியம்? பத்து வருஷத்துக்கு முன்னால், 1872-இல், கோமெஸ், புர்கோஸ், சமோரா என்று மூன்று பிலிப்பினோ பாதிரியார்களைக் கலகத்துக்குத் துணைபோனார்கள் என்று குற்றம் சாட்டி, மக்கள் முன்னிலையில் கழுத்தை நெரித்துக் கொன்றது ஸ்பானிய அரசு. பாசியானோ அந்தப் புர்கோஸுக்கு நெருக்கமான மாணவர். அந்தக் குடும்பத்தின் மேல் அரசின் பார்வை அப்போதே விழுந்துவிட்டது. ரிசாலை மணிலாவுக்கு மேல்படிப்புக்கு அனுப்பும் பேச்சு வந்தபோதே, "இவனுக்குத் தெரிந்தது போதும், இன்னும் படித்தால் தலை போய்விடும்" என்ற பொருளில் தாய் தடுத்திருக்கிறார். படித்த பெண்மணி அவர். பிள்ளைக்கு முதல் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் படிப்பைக் கண்டு பயந்தார் என்றால், அந்தக் காலனி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் பிரெஞ்சுக் கப்பலுக்கு மாறினார். பள்ளியில் படித்த பிரெஞ்சு கப்பலில் யாருக்கும் புரியவில்லை. லத்தீனைக் கலந்து, கையால் சைகை காட்டி, காகிதத்தில் படம் வரைந்து சமாளித்தார். வழியில் இலங்கையின் காலி ஊரிலும் கொழும்பிலும் கப்பல் நின்றது. காலி அழகாக இருந்தாலும் தனிமையும் சோகமுமாகத் தெரிந்ததாகவும், கொழும்பு சிங்கப்பூரைவிட, மணிலாவையும்விட எடுப்பாக இருந்ததாகவும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஜூன் மாதம் மார்சேய், அங்கிருந்து ரயிலில் பார்சிலோனா.

ஐரோப்பாவில் கால் வைத்த முதல் நாட்களிலேயே அவரை ஒரு விஷயம் குத்தியது. தெருவில் நடந்தால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சீனன் என்றார்கள், ஜப்பானியன் என்றார்கள், அமெரிக்கன் என்றுகூடச் சொன்னார்கள். பிலிப்பினோ என்று ஒருவரும் சொல்லவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்பெயின் ஆண்டுவந்த நாடு அது! 'பாவப்பட்ட நாடே, உன்னை இங்கே யாருக்கும் தெரியவில்லையே' என்ற வருத்தத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் செய்த காரியங்களில் பாதிக்கு மேல் இந்த வருத்தத்திலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து.

அந்த ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தின் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மருத்துவம் ஒரு பக்கம், தத்துவமும் இலக்கியமும் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் படித்தார். அது போதாதென்று ஓவியம், வாள்வீச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன். இதைச் சொன்னால் எல்லாரும் மேதை என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அவர் செலவு எழுதி வைத்த முறைதான் பெரிதாகத் தெரிகிறது. வாடகை, சாப்பாடு, புத்தகம், லாட்டரிச் சீட்டு என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். மத்ரித்தில் குளிப்பதற்குத் தனிக் காசு. பணத்தை மிச்சம் பிடிக்க, குளிருக்கும் பயந்து, மாதக்கணக்கில் குளிக்கவில்லை என்று 1883-இல் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒளிவில்லாமல் சொல்லியிருக்கிறார். ஏரிக்கரை ஊரான கலாம்பாவில் வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று நமக்குப் புரியும். தினமும் குளித்துப் பழகிய எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கலாம்பா நிலங்கள் டொமினிக்கன் துறவிகளின் சபைக்குச் சொந்தம். ரிசால் குடும்பம் அங்கே குத்தகைக்கு எடுத்துக் கரும்பும் நெல்லும் பயிரிட்டது. சர்க்கரை விலை இறங்கினாலும், வெட்டுக்கிளி விழுந்தாலும், மத்ரித்தில் இருக்கிற பையனுக்குப் பணம் தாமதமாகும். ஒரு கட்டத்தில் தம்பியின் குதிரைக்குட்டியை விற்றுத்தான் அண்ணன் பணம் அனுப்பினார். அதே நிலத்துக் குத்தகைத் தகராறில்தான் பின்னால் 1890, 1891 வாக்கில் கலாம்பாக் குடும்பங்கள் படை பலத்தோடு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. ரிசாலின் வீட்டாரும் அதில் அடக்கம். வெளிநாட்டுப் படிப்பின் கதையைச் சொல்லும்போது பாசியானோ மாதிரியானவர்களை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பத்து வயது மூத்தவர், தானும் மணிலாவில் படித்தவர். படிப்பை விட்டுவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டார். 1896-இல் தம்பிக்கு எதிராகக் கையெழுத்துப் போடச் சொல்லி அவரைச் சித்திரவதை செய்தார்கள். அவர் போடவில்லை. எனக்கு இந்த இரண்டு பேரும் ஒரே படிப்பைச் சேர்ந்து முடித்தவர்களாகவே தெரிகிறார்கள்.

1884 ஜூன் 25-ஆம் தேதியை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் பட்டம் கையில் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை, கையில் காசில்லை. வெறும் வயிற்றோடு போய்க் கிரேக்க மொழிப் போட்டியில் கலந்துகொண்டு முதல் பரிசு வாங்கினார். அன்று இரவு மத்ரித்தில் ஓர் உணவகத்தில் விருந்து. ஹுவான் லூனா, ஃபெலிக்ஸ் ஹிடால்கோ என்ற இரண்டு பிலிப்பினோ ஓவியர்கள் ஸ்பெயினின் தேசியக் கண்காட்சியில் தங்கமும் வெள்ளியும் வென்றதற்கான பாராட்டு விழா அது. ரோமாபுரி அரங்கில் செத்த அடிமை வீரர்களின் உடல்களை இழுத்துச் செல்லும் காட்சியை லூனா வரைந்திருந்தார். அந்தப் பிரமாண்டமான படம் இன்று மணிலா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த விருந்தில்தான் ரிசால் எழுந்து பேசினார். மேதைமை எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை, வெளிச்சமும் காற்றும் போல அது எல்லாருக்கும் பொது, எந்த மண்ணிலும் முளைக்கும் என்பதுதான் பேச்சின் சாரம். ஸ்பானியர்களும் உட்கார்ந்து கேட்டார்கள், கைதட்டினார்கள். மத்ரித்தில் கைதட்டல் வாங்கிய இந்தப் பேச்சு மணிலாவில் ராஜத்துரோகத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. செய்தி எட்டியதும் வீட்டில் தாய் கவலையில் படுத்துவிட்டார். ஒரே சாம்ராஜ்யம், ஒரே மொழி. தலைநகரில் சொல்லக்கூடியதைக் காலனியில் சொல்லக்கூடாது. இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அம்மாவின் உடல்நிலை வழியாகத் தெரிந்துகொள்வது வேறு. ரிசால் இரண்டாவது வழியில் தெரிந்துகொண்டார்.

அதே ஆண்டு நவம்பரில் மொராய்தா என்ற வரலாற்றுப் பேராசிரியர் கற்பிக்கும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசப்போக, கத்தோலிக்கத் தலைமை அவரைக் கண்டித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் அடித்தது. ரிசாலும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பிடிபடாமல் தப்பிக்க மாறுவேடம் போட வேண்டி வந்ததாக வீட்டுக்கு எழுதினார். வாத்தியாருக்காக மாணவர்கள் எழுந்து நிற்பதை அவர் மணிலாவில் பார்த்ததே இல்லை.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அதற்காகவே கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். பாரிஸில் லூயி த வெக்கர், ஹைடல்பெர்க்கில் ஓட்டோ பெக்கர் என்று அந்தக் காலத்தின் பேர்பெற்ற கண் மருத்துவர்களிடம் பயிற்சி. 1886 வசந்த காலத்தில் ஹைடல்பெர்க்கில் நெக்கார் ஆற்றங்கரைப் பூக்களைப் பார்த்து ஒரு கவிதை எழுதினார். என் ஊருக்குப் போய் என் அன்பைச் சொல்லுங்கள் என்று பூக்களைக் கேட்டுக்கொண்டு, ஆனால் அங்கே போய்ச் சேரும்போது உங்கள் மணம் போயிருக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஊர் ஏக்கத்தில்கூடத் தன்னை ஏமாற்றிக்கொள்ளாத மனசு அது.

ஜெர்மனியில்தான் அந்தப் பழைய வருத்தத்துக்கு வழி கிடைத்தது. பக்கத்து ஆஸ்திரியப் பேரரசில், பொஹீமியாவின் லைட்மெரிட்ஸ் என்ற ஊரில் ஃபெர்டினாண்ட் புளுமென்ட்ரிட் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். பிலிப்பைன்ஸுக்கு ஒரு தடவைகூடப் போகாமலேயே அந்த நாட்டைப் பற்றி ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 1886 ஜூலை 31 அன்று ரிசால் அவருக்கு ஒரு கடிதம் எழுதி, தன் தாய்மொழியான தகாலோக்கிலும் ஸ்பானிஷிலும் அச்சான ஒரு கணக்குப் புத்தகத்தையும் அனுப்பினார். வாழ்நாள் முழுக்க நீடித்த நட்பு அப்படி ஒரு கணக்குப் புத்தகத்தில் ஆரம்பித்தது. கடைசியில் தன் நாட்டைத் தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்டார்! ஆனால் அவருக்கு எழுத வேண்டும் என்றால் தானும் சரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் அல்லவா? பெர்லினில் மானிடவியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் வட்டத்துக்குள் நுழைந்தார். 1887-இல் தகாலோக் மொழியின் யாப்பைப் பற்றி ஜெர்மன் மொழியில் கட்டுரை படித்தார். ஓர் ஆசிய மொழியின் பாட்டுக்கும் இலக்கணம் உண்டு என்று ஐரோப்பிய அறிஞர்கள் முன்னால் அந்த மொழிக்காரனே நின்று சொன்னான். இருபத்தைந்து வயதில் செய்த இந்தக் காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதெல்லாம் வயிறு நிறைந்து செய்ததும் இல்லை. அந்தப் பெர்லின் குளிர்காலம்தான் அவருடைய மோசமான காலம். பணம் வரவில்லை, இருமல் விடவில்லை. மத்ரித்தில் தொடங்கி, பாரிஸில் வளர்த்து, ஜெர்மனியில் முடித்த 'நோலி மே தாஞ்ஹெரே' நாவலின் கையெழுத்துப் பிரதியை அச்சுக்குக் கொடுக்கக் காசில்லை. நெருப்பில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். மாக்சிமோ வியோலா என்ற இன்னொரு பிலிப்பினோ மருத்துவ மாணவர் 300 பெசோ கொடுத்தார். 1887 மார்ச்சில் 2000 பிரதிகள் அச்சாயின. ஒரு நாட்டின் வரலாற்றைத் திருப்பிய புத்தகம் சக மாணவனின் கைக்காசில் வந்தது.

அந்த நாவலில் ஒரு சின்ன இடம். ஐரோப்பாவில் படித்துத் திரும்பும் நாயகன் வண்டியில் மணிலாவின் தாவரவியல் பூங்காவைக் கடக்கிறான். உடனே ஐரோப்பியத் தோட்டங்கள் கண்முன்னே வந்து நிற்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கும் பேய் அவனைப் பிடித்துக்கொண்டது என்கிறார் ரிசால். வெளியே போய் வந்த ஒவ்வொருவருக்கும் இந்தப் பேய் தெரியும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். ரோடு சரியில்லை, ஆபீஸ் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே காலம் போய்விடும். ஏன் சரியில்லை, யாரால் சரியில்லை என்பதை நோக்கி ரிசால் போனார்.

அந்த ஆண்டே மத்ரித்தில் பிலிப்பைன்ஸ் கண்காட்சி நடந்தது. ரெத்தீரோ பூங்காவில் இன்றும் நிற்கும் கண்ணாடி மாளிகை அதற்காகக் கட்டியதுதான். இகொரோத் மலைவாசிகளையும் வேறு சில மக்களையும் கொண்டுவந்து, பூங்காவில் குடிசை போட்டு, வேடிக்கைப் பொருளாக உட்கார வைத்தார்கள். சிலர் அங்கேயே நோயில் செத்தும் போனார்கள். ரிசால் கொதித்துப்போய்ப் புளுமென்ட்ரிட்டுக்கு எழுதினார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் இருந்த நாடு இப்போது தெரியவந்திருக்கிறது, ஆனால் எப்படி! நம்மைப் பற்றி நாம் எழுதாவிட்டால் மற்றவர்கள் இப்படித்தான் காட்டுவார்கள் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டியதில்லை. 1888-இல் லண்டன் போனபோது பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து, அந்தோனியோ தெ மோர்கா 1609-இல் வெளியிட்ட பிலிப்பைன்ஸ் வரலாற்றைக் கையாலேயே நகலெடுத்து, ஸ்பானியர் வருவதற்கு முன்பே எங்களுக்கு ஒரு நாகரிகம் இருந்தது என்று வரிக்கு வரி குறிப்பு எழுதினார். சில இடங்களில் ஆர்வம் மிஞ்சிப் போயிருக்கிறது என்று நண்பர் புளுமென்ட்ரிட்டே சொன்னார். சொன்னது நியாயம்தான்.

அந்த லண்டன் நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1888 டிசம்பரில் பிலிப்பைன்ஸில் மாலோலோஸ் என்ற ஊரில் இருபது இளம்பெண்கள், ஸ்பானிய மொழி கற்க ஓர் இரவுப் பள்ளி வேண்டும் என்று கவர்னர் ஜெனரலிடம் நேரில் மனுக் கொடுத்தார்கள். ஊர்ப் பாதிரியார் எதிர்த்தார். அவர்கள் விடவில்லை, அனுமதி வாங்கினார்கள். சொந்தச் செலவில் பள்ளி நடந்தது. அவர்களுக்கு எழுதும்படி பிலிப்பினோ நண்பர் ஒருவர் கேட்டுக்கொள்ள, 1889 பிப்ரவரியில் ரிசால் லண்டனிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார், தகாலோக் மொழியில். அறிவு எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது, யார் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டாதீர்கள் என்றெல்லாம் சொல்கிறார். ஆனால் ஆரம்பத்திலேயே இன்னொன்றும் சொல்கிறார். நாவல் எழுதும்போது, நம் நாட்டுப் பெண்களிடம் துணிச்சல் பொதுவாகக் காணப்படுவதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம். தெரிந்த பெண்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாராம், மிகச் சிலர்தான் தேறினார்களாம். உங்கள் செய்தி வந்த பிறகு நம்பிக்கை பிறந்துவிட்டது என்கிறார்.

பல ஆண்டுகளாக ஐரோப்பாவின் நூலகங்களில் தன் நாட்டைத் தேடிய மாணவருக்குக் கப்பலே ஏறாத இருபது பெண்கள் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அதை வாங்கிக்கொண்டு, அவர்களுக்கே நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். நாவல்களைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி, வணக்கம்.