தீர்ப்பா, சட்டத் திருத்தமா? – 'தீர்ப்பே' அணியின் உரை

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேராகத் தலைப்புக்கு வருகிறேன்.

பொது இடத்தில் நடந்த படுகொலைக்குப் பின், பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி தருவது நீதிமன்றத் தீர்ப்பா, நாடாளுமன்றத்தின் சட்டத் திருத்தமா? எடுத்துக்கொண்ட நிகழ்வு, நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச். 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை நேரம். அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் பள்ளிவாசலிலும் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். 51 பேர் இறந்தார்கள். 40 பேர் குண்டுக் காயத்தோடு பிழைத்தார்கள். கொலை செய்வதை அவன் இணையத்தில் நேரலையாகக் காட்டினான். அவன் பெயரை ஒருபோதும் உச்சரிக்க மாட்டேன் என்று அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் சொன்னார். நானும் உச்சரிக்கப் போவதில்லை.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இந்த மேடையில் ஒரு சொல்லை வீசிவிட்டுப் போயிருக்கிறார். "சம்பவம் நடந்த 26ஆவது நாளில் நாடாளுமன்றம் துப்பாக்கித் தடைச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. ஆதரவு 119, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. நீதிமன்றம் என்ன செய்தது? பதினேழு மாதம் கழித்து எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, நான்கு நாள் அழவைத்து அனுப்பியது. அது நீதிமன்றம் அல்ல, அழுகை மன்றம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் எனக்கு வலித்தது. பேசுவதற்காகக் கொண்டுவந்த குறிப்புகளில் பாதியை அப்போதே மடித்து வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லாமல் நான் கீழே இறங்குவதாக இல்லை.

முதலில் அந்த 26 நாள் பெருமையைப் பார்த்துவிடுவோம். நியூசிலாந்தில் அதற்கு முன்பும் ஒரு படுகொலை நடந்தது. 1990 நவம்பரில், அரமோவானா என்ற சின்னஞ்சிறு கடலோர ஊரில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். 1992இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ராணுவ பாணித் துப்பாக்கிக்குத் தனி அனுமதி வேண்டும் என்றார்கள்; தடை செய்யவில்லை. 1997இல் சர் தாமஸ் தோர்ப் என்பவர் துப்பாக்கிச் சட்டங்களை முழுதாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். ராணுவ பாணி அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்யுங்கள், ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவு செய்யுங்கள் என்று எழுதினார். அவர் யார் தெரியுமா? ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி! நீதிமன்றத்திலிருந்து வந்த மனிதர் சொன்ன சொல் நாடாளுமன்றத்தின் காதில் ஏற 22 ஆண்டுகளும் 51 உயிர்களும் தேவைப்பட்டன. வீடு பற்றி எரிந்த பிறகு கிணறு வெட்டியவர்கள், எவ்வளவு வேகமாக வெட்டினோம் பாருங்கள் என்று மார்தட்டக் கூடாது.

இன்னொன்று. கிரைஸ்ட்சர்ச் கொலையாளியிடம் இருந்தது முறைப்படி வாங்கிய துப்பாக்கி உரிமம். 2017இல் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பிப்பவரை நன்கு அறிந்தவர்கள் சான்று சொல்ல வேண்டும் என்ற நடைமுறை அப்போதே இருந்தது. அவனுக்குச் சான்று சொன்னவர்கள், இணைய விளையாட்டில் பழகிய ஒரு நண்பரும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும். பிறகு அமைத்த அரச விசாரணை ஆணையமே, காவல் துறை இந்த உரிம நடைமுறையைச் சரிவரச் செய்யவில்லை என்று பதிவு செய்திருக்கிறது. ஏட்டில் விதி இருந்தது. அதைப் பார்க்க வேண்டிய கண் மூடியிருந்தது.

திருத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து திரும்பப் பெற்றார்கள். பத்துக் கோடி நியூசிலாந்து டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தார்கள். நல்ல வேலை. நாளை ஒரு குழந்தை சாகாமல் இருக்க அது உதவும். ஆனால் தலைப்பு என்ன? பாதிக்கப்பட்டவருக்கு நீதி! நேற்று செத்த குழந்தையின் தகப்பனுக்கு என்ன கொடுத்தீர்கள்?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கண்ணகியை இழுத்தார். வழக்கில் வென்றாளே, கோவலன் எழுந்து வந்தானா என்று கேட்டார். வரவில்லைதான். துப்பாக்கியைப் பிடுங்கியதாலும் எவரும் எழுந்து வரவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். தலைவிரி கோலமாக வந்து நின்ற பெண்ணை உள்ளே வரச் சொன்னான் பாண்டியன். அவள் வாயால் வழக்கைக் கேட்டான். சிலம்பை உடைக்க அவளுக்கு அவையில் இடம் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டாக நாம் அவளை மறக்காமல் இருப்பது அதனால்தான்.

இப்போது அந்த நான்கு நாட்களுக்கு வாருங்கள். 2020 ஆகஸ்ட் 24 முதல் 27 வரை, கிரைஸ்ட்சர்ச் உயர் நீதிமன்றம், நீதிபதி கேமரன் மேண்டர். முதலில் குற்றமற்றவன் என்று வாதிட்டவன், அந்த ஆண்டு மார்ச்சில் எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொண்டான். 51 கொலை, 40 கொலை முயற்சி, ஒரு பயங்கரவாதச் செயல். விசாரணை நடந்தால் அதைத் தன் வெறுப்புக்கு மேடையாக்கிவிடுவானோ என்று எல்லோருக்கும் அச்சம் இருந்தது. மேடை கிடைத்தது, அவனுக்கு அல்ல. கொரோனா காலம் அது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் பதினான்கு நாள் தனிமையில் இருந்துவிட்டு வந்தார்கள். அழுவதற்கா அவ்வளவு பாடுபட்டு வந்தார்கள்? அழுகையை வீட்டிலேயே அழுது முடித்திருந்தார்கள் ஐயா. ஏறத்தாழ தொண்ணூறு பேர், ஒருவர் பின் ஒருவராக, சாம்பல் நிறச் சிறை உடையில் உட்கார்ந்திருந்தவனின் முகத்துக்கு நேரே பேசினார்கள்.

அதில் ஒருவரை மட்டும் உங்கள் முன் நிறுத்துகிறேன். லின்வுட் பள்ளிவாசலில் தொழ வந்தவர். ஆப்கானிஸ்தானைச் சேர்ந்தவர். பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தார். வெளியே வெடிச் சத்தம். எல்லோரும் உள்ளே ஒதுங்குகிறார்கள். இவர் வெளியே ஓடுகிறார். கையில் என்ன? ஆயுதமா? வங்கி அட்டை தேய்க்கும் இயந்திரம்! கடையில் பில் போடும்போது பார்ப்போமே, அந்தக் கையடக்க இயந்திரம். கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார். எதிரே ராணுவ பாணித் துப்பாக்கி. இவர் அந்த இயந்திரத்தை அவன் மேல் வீசினார்.

அவன் அடுத்த துப்பாக்கி எடுக்கக் காருக்குப் போனான். சுட்டான். இவர் நின்றிருந்த கார்களுக்கு நடுவே குனிந்து குனிந்து ஓடினார். உள்ளேயிருந்து பிள்ளைகள் "அப்பா, உள்ளே வந்துவிடுங்கள்" என்று கதறுகிறார்கள். போனாரா? போகவில்லை! "இங்கே வா, இங்கே வா" என்று அவனைக் கூப்பிட்டார். எதற்கு? அவன் பள்ளிவாசலுக்குள் போகக் கூடாது, தன்னைத் துரத்திக்கொண்டு வர வேண்டும் என்பதற்கு. அவன் போட்டுவிட்டுப் போன ஒரு துப்பாக்கி தரையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தார், குண்டு தீர்ந்துபோயிருந்தது. அதையே எடுத்துக்கொண்டு ஓடினார். அவன் காரில் ஏறியதும் அந்த வெற்றுத் துப்பாக்கியை ஈட்டி எறிவது போலக் கார்க் கண்ணாடியில் எறிந்தார். கண்ணாடி நொறுங்கியது. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினான்.

இன்னொரு முறை சொல்கிறேன், கேளுங்கள். துப்பாக்கியோடு வந்தவன் ஓடினான். அட்டை இயந்திரத்தோடு நின்றவர் துரத்தினார்! அல் நூரில் 44 பேர், லின்வுட்டில் ஏழு பேர். அந்த எண்ணிக்கை ஏழோடு நின்றதில் இந்த மனிதருக்குப் பங்கு உண்டு. அந்த ஏழு பேரைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற பாரத்தையும் இப்படிப்பட்டவர்தான் சுமப்பார்.

அவர் நீதிமன்றத்துக்கு வந்தார். பதினேழு மாதத்துக்குப் பிறகு அதே முகத்தை எதிரே பார்த்தார். அன்று நீ என் கையில் சிக்காததற்கு இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொள் என்று அவனிடம் சொன்னார். அழுதாரா? இல்லை! சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அவர் திரும்பியபோது நீதிபதி பேசினார். போவதற்கு முன் ஒரு நிமிடம், நான் அந்தக் காட்சிப் பதிவைப் பார்த்திருக்கிறேன், உங்கள் துணிவை மதிக்கிறேன் என்றார். எந்தச் சட்டத் திருத்தத்தின் எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவில் இந்த வாக்கியம் இருக்கிறது? எதிரணித் தலைவர் எடுத்துக் காட்டட்டும்!

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, தெரிகிறது. இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது; சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகப்பனை இழந்த ஒரு மகன் வந்து, நீ குப்பை, குப்பை மேட்டில்தான் உன்னைப் புதைக்க வேண்டும் என்று அவன் முகத்தில் அறைந்தாற்போலச் சொன்னார். தகப்பனை இழந்த ஒரு மகள் வந்தார். பாலஸ்தீனத்து ஒலிவ மரங்களைப் பற்றி அப்பா சொல்லக் கேட்க வேண்டும், அவர் சமைக்கும்போது எழும் பூண்டு மணம் வேண்டும், அவர் குரல் வேண்டும் என்றார். மகனை இழந்த ஒரு தாய் வந்தார். எனக்குள் வெறுப்பு இல்லை, உன்னை மன்னிக்கிறேன் என்றார். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தவன் அப்போது தலையசைத்து ஒரு கண்ணைத் துடைத்ததாகச் செய்தியாளர்கள் எழுதினார்கள். அந்தக் கண்ணீர் உண்மையா பொய்யா, எனக்குக் கவலையில்லை. அந்தத் தாய் நிமிர்ந்து நின்று சொன்னாரே, அது உண்மை.

மூன்று வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் எழுதிக் கொடுத்ததையும் அந்த அவையில் படித்தார்கள். என் மகனைக் கொன்றாய், எனக்கு நீ நியூசிலாந்து முழுவதையும் கொன்றது போல என்று எழுதியிருந்தார். மூன்று வயது ஐயா! அந்தப் பிள்ளைக்குச் சட்டம் தெரியுமா, திருத்தம் தெரியுமா? அப்பாவோடு தொழுகைக்கு வந்தது.

எல்லோரும் பேசி முடித்த பிறகு, நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று அவனைக் கேட்டார்கள். அவன் பேசவில்லை. அப்போது நீதிபதி பேசினார். இறந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக எடுத்து, இவர் இப்படி வாழ்ந்தவர், இவருக்கு இன்னார் இருக்கிறார்கள் என்று சொன்னார். உன் குற்றங்கள் எவ்வளவு கொடியவை என்றால், சாகும்வரை உன்னை அடைத்து வைத்தாலும் தண்டனை தீராது என்றார். பரோலே இல்லாத ஆயுள் சிறை. நியூசிலாந்து வரலாற்றில் அந்தத் தண்டனை அதுவே முதல் முறை. அப்படித் தண்டிக்க 2010இல் வழிசெய்தது நாடாளுமன்றம்தான் என்று அடுத்துப் பேசுகிறவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஏட்டில் பத்து ஆண்டு படுத்திருந்த பிரிவுக்கு உயிர் கொடுத்தவர்கள், அந்த நான்கு நாள் நின்று பேசிய மனிதர்கள்.

எதிரணித் தலைவர் எனக்கு மூத்தவர். அண்ணன் என்றே அழைக்கிறேன். அண்ணா, நாடாளுமன்றத்தில் எழுந்த கைகள் 119. அதில் ஒரு கைகூட அந்தத் தாயின் கை இல்லை. அந்தத் தாய்க்குப் பேச இடம் கிடைத்த ஒரே சபை அந்த நீதிமன்றம்தான். உங்கள் வாதம் ஜெயிக்கட்டும், கோப்பையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். 'அழுகை மன்றம்' என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லை மட்டும் இந்த அவை கலைவதற்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நடுவர் அவர்களே, அண்ணன் எழுந்து அதைச் செய்த பிறகு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். அது யார் பக்கம் போனாலும் ஏற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.