கைவிட்டுப் போன ராணுவ வண்டி என்ன சொல்கிறது?

[காட்சி: பனி மூடிய காட்டுச் சாலை. வரிசையாக நிற்கும் லாரிகளின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

பதுங்கியிருந்து தாக்கிய ஒரு சாலையின் படத்தைப் பார்த்தால் நம் கண் நேராக எரிந்த வண்டிக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். எரியாமல் நிற்கிற வண்டியை முதலில் பாருங்கள். தீயில் பாதித் தடயம் போய்விடும். ஆள் மட்டும் இறங்கி ஓடிய வண்டியில், ஓடுவதற்கு முந்தைய சில நிமிடங்கள் அப்படியே இருக்கும்.

இந்தப் படம் பின்லாந்தின் ராட்டே சாலை, 1940 ஜனவரி. பின்லாந்துக்குள் புகுந்த சோவியத் படையின் 44ஆவது டிவிஷன் இந்த ஒற்றைச் சாலையில் நீண்டு நின்றது. இரண்டு பக்கமும் காடும் ஆழமான பனியும். பின்லாந்து வீரர்கள் பனிச்சறுக்குப் பலகையில் காட்டுக்குள்ளேயே நகர்ந்து, சாலையைப் பல இடங்களில் அறுத்தார்கள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நடுவில் நிற்கிற வண்டியின் டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சண்டை முடிந்தபோது 40க்கும் மேற்பட்ட டாங்கிகளும் 200க்கும் மேற்பட்ட லாரிகளும் பின்லாந்து கைக்கு வந்தன. பிடிபட்டதில் ஓடுகிற நிலையில் இருந்ததை அவர்கள் தங்கள் படைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

[காட்சி: மேலிருந்து பார்க்கிற வரைபடம். வண்டிகள் சிறு கட்டங்களாக.]

ஆகவே ஒரு தனி வண்டிக்குள் போவதற்கு முன்னால் வரிசையைப் பாருங்கள். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு இடம்? ஐம்பது, நூறு மீட்டர் விட்டிருந்தால், எதிரி இருக்கலாம் என்று நினைத்தே வந்திருக்கிறார்கள். ஒட்டி ஒட்டி நின்றால், ஒன்று ஆபத்தை எதிர்பார்க்கவில்லை, இல்லை முன்னால் ஏற்கெனவே அடைப்பு விழுந்துவிட்டது. அப்புறம் வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? பயிற்சி பெற்ற கான்வாய், அதாவது ராணுவ வண்டி வரிசை, நின்றவுடன் ஒரு வண்டி இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிச் சாய்ந்து நிற்கும். ராணுவத்தில் இதை மீன்முள் வரிசை என்பார்கள். அந்தச் சாய்வு தெரிந்தால், தாக்குதல் தொடங்கிய பிறகும் யாரோ கட்டளை கொடுத்திருக்கிறார்கள், மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் நேராக நின்றபடியே இருந்தால் அந்த அவகாசமே கிடைக்கவில்லை.

முன்சக்கரத்தையும் விடாதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்திருக்கிறது, பின்னால் மண்ணில் அரைவட்டத் தடம் இருக்கிறது என்றால் அந்த டிரைவர் வண்டியைத் திருப்ப முயன்றிருக்கிறார். 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் நம் ஹன்டர் விமானங்கள் தாக்கியபோது பாகிஸ்தான் டாங்கிகள் தப்பிக்க வளைந்து வளைந்து ஓடின. அந்தச் சுழற்சி முழுவதும் ராஜஸ்தான் மணலில் தடமாகப் பதிந்து, வானிலிருந்து எடுத்த படங்களில் இன்றைக்கும் தெரிகிறது.

[காட்சி: மணலி, சாலையோர பஞ்சர் கடை. டயரின் பக்கவாட்டை நெருக்கமாகக் காட்டவும்.]

சரி, டயருக்கு வருவோம். 2022 மார்ச்சில் உக்ரைனில் ஒரு ரஷ்யப் பான்ட்சிர் வான்பாதுகாப்பு வண்டி சேற்றில் புதைந்து ஆளில்லாமல் நின்றது. பக்கவாட்டில் கிழிந்த அதன் டயர் உலகம் முழுக்கச் சுற்றியது. வருடக்கணக்கில் நகர்த்தாமல் வெயிலில் நிறுத்தியிருந்ததால் ரப்பர் செத்துவிட்டது, பராமரிப்புப் பணம் எங்கோ போய்விட்டது என்று பலர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் எழுதக் கூடாது என்பது என் கட்சி.

ஏன் என்று டிரெய்லர் டயர் பார்த்தே காலம் தள்ளிய இந்தக் கடைக்காரரிடம் கேட்டோம். "வெயில்ல நின்னு வெடிச்சது வேற தம்பி, காத்து இல்லாம ஓட்டிக் கெடுத்தது வேற" என்றார். வெயிலில் நின்ற ரப்பரில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் நிறைய இருக்கும், வெயில் படுகிற பக்கம் அதிகமாக இருக்கும். காற்று குறைந்த டயரை ஓட்டினால் பக்கவாட்டைச் சுற்றி வளையமாகத் தேய்ந்திருக்கும், கழற்றினால் உள்ளே ரப்பர் தூள் கொட்டும். சேற்றில் பிடிமானம் வேண்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டுவது ராணுவத்தில் வழக்கம்தான். அதற்காகவே ஓடும்போது காற்றைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு பல ராணுவ லாரிகளில் உண்டு. குறைத்த காற்றோடு வேகமாக ஓட்டினால் நல்ல டயரும் கிழியும். முதல் வகை பல வருட அலட்சியம். இரண்டாவது அன்றைக்கு நடந்த அவசரம். ஒரே ஒரு படத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

[காட்சி: கவசத் தகட்டில் சிறு துளை. பிறகு விரிசல் விட்ட கண்ணாடி.]

இனி துளைகள். கவச எதிர்ப்பு ராக்கெட் போட்ட துளை, வண்டி செத்த அளவுக்குப் பெரிதாக இருக்காது. விரல் நுழைகிற அளவு, சுற்றிலும் கரியும் சிதறலும். கண்ணிவெடி என்றால் அடியிலிருந்து வரும்: சக்கரம் பிய்ந்து தூரத்தில் கிடக்கும், அடித்தட்டு மேல்நோக்கி வளைந்திருக்கும், தரையில் பள்ளம் இருக்கும்.

எனக்குப் பிடித்தது கண்ணாடி. ஒரு குண்டு பட்டால் அதிலிருந்து விரிசல்கள் வெளிப்புறமாக ஓடும். இரண்டாவது குண்டின் விரிசல், முதல் குண்டின் விரிசலைத் தொட்டதும் நின்றுவிடும், தாண்டிப் போகாது. ஆக எந்தக் குண்டு முதலில் வந்தது என்று கண்ணாடியே சொல்லும். முன்னாலிருந்து வந்தது முதலிலா, பக்கவாட்டிலிருந்து வந்தது முதலிலா என்று தெரிந்தால், தாக்கியவர்கள் எங்கே படுத்திருந்தார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

கதவுகளும் அதே திசையைச் சொல்லும். இடப்பக்கக் கதவுகள் மட்டும் திறந்திருந்தால் சூடு வந்தது பெரும்பாலும் வலப்பக்கமிருந்து. டாங்கியில் மூடிகள் திறந்திருந்தால் கொக்கியைப் பாருங்கள். கையால் திறந்ததில் கொக்கி ஒழுங்காக இருக்கும். உள்ளே வெடித்துத் திறந்ததில் கீல் முறுக்கியிருக்கும். சோவியத் தயாரிப்பான டி-72 வகை டாங்கியில் பீரங்கிக் குழாய் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றுவிட்டால் டிரைவரின் மூடியையே மறித்துவிடும். அந்த மனிதருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

[காட்சி: கரும்புத் தோட்டம், நீர் நிறைந்த வயல்.]

எதுவும் உடையாமல் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்? 1965 செப்டம்பர், பஞ்சாபின் அசல் உத்தர். இந்தியப் படை லாட வடிவில் பதுங்கி, கால்வாயை உடைத்து வயல்களை நனைத்து வைத்திருந்தது. கரும்புக்குள் சென்சூரியன் டாங்கிகளும் ஜீப்பில் ஏற்றிய பீரங்கிகளும். அப்துல் ஹமீது பரம்வீர் சக்கரம் பெற்ற சண்டை இதுதான். உள்ளே வந்த பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் பல குண்டு பட்டுச் சாகவில்லை, சேற்றில் புதைந்தன. ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். பிறகு அவற்றை இழுத்து வந்து பிக்கிவிண்ட் அருகே அடுக்கிய இடத்துக்கு பேட்டன் நகர் என்றே பெயர் வந்தது. அதனால், பெல்ட் பாதி மண்ணுக்குள், முன்கொக்கியில் இழுவைக் கம்பி மாட்டியபடி ஒரு டாங்கி நின்றால், இன்னொரு வண்டி அதை இழுத்துப் பார்த்துத் தோற்றிருக்கிறது.

[காட்சி: வியாசர்பாடி காயலான்கடை. பிரித்துப்போட்ட லாரி.]

கடைசியாக, இதுவரை சொன்ன எல்லாவற்றையும் கெடுக்கிற விஷயம். படம் எடுக்கும் முன் யாராவது வந்துபோயிருப்பார்கள். சாலையைத் திறக்க புல்டோசர் வண்டிகளை ஓரம் தள்ளியிருந்தால், இடைவெளி, கோணம் என்று நாம் படித்தது அத்தனையும் பொய். தார்ச்சாலையில் பக்கவாட்டு உரசல் கோடு இருக்கிறதா என்று அதற்காகத்தான் பார்க்க வேண்டும். பேட்டரி, ரேடியோ, டீசல் எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே காணாமல் போகும். டீசல் டேங்க் மூடி திறந்திருப்பதைப் பார்த்து எண்ணெய் தீர்ந்து நின்றது என்று முடிவு கட்டாதீர்கள், பக்கத்து ஊர்க்காரர் குழாய் போட்டு உறிஞ்சியிருக்கலாம்.

துருவும் ஏமாற்றும். தீயில் வண்ணப்பூச்சு எரிந்த இரும்பு, மழை பட்டால் சில நாளிலேயே செம்மஞ்சளாகிவிடும். அதைப் பார்த்து "இது பழைய படம்" என்று கமென்ட் போடுகிறவர்கள் நிறைய. தேதி வேண்டுமென்றால் துருவை விட்டுவிட்டு, பக்கத்து மரத்தின் இலையையும், அதே இடத்தின் இன்னொரு நாள் படத்தையும் தேடுங்கள்.