துருசைத் திறப்பது யார்?

கிளிநொச்சியில் ஆசிரியர்களுக்கும் உயர்தர மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

ஆசிரியர்களே, பிள்ளைகளே,

திறந்த மூல மென்பொருளை, அதாவது அதன் நிரலை எவரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளை, எடுப்பது தொழில்நுட்ப முடிவா, அரசியல் முடிவா? இரணைமடுக் குளத்தில் துருசை, அதாவது நீர் திறக்கும் கதவை, தூக்குவது எந்திர வேலை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் கூட்டம் கூடித்தான் தீர்மானிக்கிறோம். மென்பொருளில் அந்தக் கூட்டத்தில் நமக்கு இடம் உண்டா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டீபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். எந்தப் பழுதும் இல்லாத பாடசாலைக் கணினி அன்றோடு பழசாகிவிட்டது. அந்த முடிவை எடுத்தபோது நம்மை யாரும் கேட்கவில்லை. அதைத்தான் அரசியல் என்கிறேன்.

2004 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துப்போன பிறகு, இலங்கைத் தன்னார்வலர்கள் சில கிழமைகளில் சகானாவை எழுதினார்கள். காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதியும் மென்பொருள் அது. திறந்த மூலம் என்பதால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் கைகொடுத்தது. காணாமற்போனோர் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதன் பாரத்தை வன்னிக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் கொள்கை சரியென்றால் பிரிண்டர் ஓடும் என்று நம்பி இறங்காதீர்கள். 4 ஜீபி ராம் உள்ள கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக, எக்ஸ்எஃப்சிஈ என்னும் இலகுவான முகப்புள்ள லினக்ஸ் மின்ட் என்ற திறந்த மூல இயங்குதளம் போதும். முதலில் கோப்புகளை வெளி டிஸ்கில் பிரதி எடுங்கள். 8 ஜீபி பென்டிரைவில் லினக்ஸ் மின்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை எழுதி, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டுங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் அப்போதே சோதியுங்கள். மலிவான சில லேசர் பிரிண்டர்கள், பக்கத்தைக் கட்டும் வேலையைக் கணினியிலுள்ள டிரைவரிடமே விடுகின்றன. லினக்ஸுக்கு அந்த டிரைவர் இல்லாவிட்டால் தாள் வராது. ஒரு கணினியைத் தவணை முழுக்க ஓட்டிய பிறகு மற்றவற்றைத் தொடுங்கள்.

உண்மையான முட்டுக்கட்டை பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துரு. பழைய வினாத்தாளில் ‘தமிழ்’ என்று தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் அவைதான் தெரியும். ‘தமிழ்’ என்று ஒருங்குறியில் (யூனிகோட்) தேடினால் அகப்படாது. லினக்ஸில் பாமினியை நிறுவினால் வாசிக்கலாம், தேட முடியாது. ஆகவே ஒருங்குறிக்கு மாற்றத்தான் வேண்டும். முழுக் கோப்பையும் ஒரேயடியாக எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டால் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் சமன்பாடுகளும் சிதைந்துவிடும். பாமினி வரிகளை மட்டும் தெரிவுசெய்து மாற்றி, மூலத்தை அச்சிட்டு வைத்து, இன்னொருவர் வரிவரியாக ஒப்பிட வேண்டும். பாட ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவருமாக, இந்தத் தவணை வினாத்தாள்களிலிருந்தே தொடங்கலாம்.